வானவில் என்றொரு கட்டளை: தொடக்கநிலை விளையாட்டு உருவாக்க மென்பொருள்களில் காட்சி விளைவுகளின் வரலாறு

1985இல் கமடோர் நிறுவனம் வெளியிட்ட அமிகா கணினியில் ‘காப்பர்’ என்ற சிறு துணைச் செயலி ஒன்று இருந்தது. திரையில் படம் மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதப்படும்போது, குறிப்பிட்ட ஒரு வரி வந்ததும் வண்ணப் பதிவேட்டின் மதிப்பை மாற்றிவிடுவது அதன் பணி. அமிகாவின் வழக்கமான திரைமுறையில் 4096 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 32 நிறங்களை மட்டுமே தெரிவுசெய்ய முடியும். காப்பரைக் கையாளத் தெரிந்தவரோ வரிக்கு ஒரு நிறமாக மாற்றி, அடிவானத்தின் செம்மை முதல் உச்சியின் கருநீலம் வரை படிப்படியாக மாறும் வானத்தையே திரையில் விரித்துவிடுவார். அதற்கு அவர் அசெம்பிளி மொழி அறிந்திருக்க வேண்டும். வன்பொருளின் முகவரிகளும் அவருக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

1990இல் பிரான்சு நாட்டு நிரலாளர் பிரான்சுவா லியோனே உருவாக்கிய ‘ஆமோஸ்’ என்னும் பேசிக் மொழி இந்த வித்தையை ‘ரெயின்போ’ என்ற சொல்லுக்குள் அடக்கியது. விளையாட்டு செய்யப் பழகும் பள்ளி மாணவர் ஒருவர், எந்த நிறம் எத்தனை வரிகளுக்கு எவ்வளவு ஏற வேண்டும் என்பதை எண்களாகக் குறித்துவிட்டு, அந்தச் சொல்லை எழுதினால் போதும். வானம் நிறம் மாறும். திரையை மெல்ல இருளச் செய்ய ‘ஃபேட்’, வண்ணங்களை வரிசையில் இடம் மாற்றி அருவி ஓடுவதுபோலக் காட்ட ‘ஷிஃப்ட் அப்’, ஒரு நிறத்தை மட்டும் சிமிட்ட ‘ஃபிளாஷ்’ என மேலும் பல சொற்கள் அம்மொழியில் இருந்தன. படத்தில் ஒரு புள்ளியும் நகராமலே, நிறப் பதிவேட்டின் எண்கள் மட்டும் மாறுவதால் தண்ணீர் பாய்கிறது.

தொடக்கநிலை விளையாட்டு உருவாக்கக் கருவிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் ‘நிரல் எழுதாமலே விளையாட்டு’ என்ற வாக்குறுதியின் வரலாறாகவே எழுதுகிறார்கள். காட்சி விளைவுகளின் வழியே அதைப் படித்தால் வேறொரு கேள்வி முன்வருகிறது. வல்லுநர் ஒருவரின் நுட்பம் தொடக்கநிலையாளர் கையாளும் சொல்லாக மாறும்போது, அந்தச் சொல் பகுபதமாக வந்து சேர்கிறதா, பகாப்பதமாகவா? நன்னூல் காட்டும் இப்பாகுபாடு இங்கு அப்படியே பொருந்துகிறது. பகாப்பதத்தைப் பயன்படுத்தலாமே தவிர, பிரித்தால் பொருள் தராது. பகுபதத்தையோ பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்தறிந்தவர், அதே உறுப்புகளைக் கொண்டு கேட்டறியாத இன்னொரு சொல்லையும் ஆக்கிக்கொள்வார். கருவிகளின் காட்சித்தரம் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் காட்டிலும், உயர்ந்த ஒவ்வொரு முறையும் பயனர் கையில் இவற்றுள் எது தரப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது.

லியோனேயும் ஈவ் லமூறோவும் சேர்ந்து 1994இல் கொண்டுவந்த ‘கிளிக் அண்ட் பிளே’ சொற்களையே நீக்கிவிட்டது. நிகழ்வுகளையும் அவற்றின் விளைவுகளையும் ஓர் அட்டவணையின் கட்டங்களில் குறித்தால் விளையாட்டு ஓடும். கருவியோடு ஆயத்தப் படங்களின் நூலகம் ஒன்றும் வந்தது. வெடிப்பு வேண்டுமா, வெடிப்புப் படத்தொடரை எடுத்து வைக்கலாம். இங்கு விளைவு ஒரு செயல் என்ற நிலையிலிருந்து பொருள் என்ற நிலைக்கு இறங்கியது. ஒரே நூலகத்திலிருந்து எடுக்கப்பட்ட வெடிப்புகள் ஊர் ஊராகச் சென்று ஒரே மாதிரி வெடித்தன என்பதில் வியப்பில்லை.

ஜப்பானில் 1992 முதல் அஸ்கி நிறுவனம் வெளியிட்டுவந்த ‘ஆர்பிஜி சுக்கூரு’ வரிசை, வெளியுலகில் ஆர்பிஜி மேக்கர் என்று அறியப்படுவது, வேறு வழியில் சென்றது. கதை சொல்லும் விளையாட்டுகளுக்கான கருவி ஆதலால் அதன் விளைவுகள் நாடக மேடையின் விளக்கொளியை ஒத்தவை. 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் கட்டளைப் பட்டியலில் திரையின் நிறச்சாயலை மாற்றுவது, திரையை மின்னச் செய்வது, நடுங்கச் செய்வது, மழையோ பனியோ பெய்விப்பது ஆகியவை தனித்தனிக் கட்டளைகளாக இடம்பெற்றன. நிறச்சாயலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், நிறச்செறிவு என நான்கு அளவுகள் உண்டு. மாற்றம் எவ்வளவு நேரத்தில் நிகழ வேண்டும் என்பதையும் குறிக்கலாம். 320×240 புள்ளிகள் கொண்ட சிறு திரையில் இந்த ஒரு கட்டளையே அந்தியையும் நள்ளிரவையும் பழைய நினைவையும் பிரித்துக் காட்டியது. பகல் காட்சியையும் இரவுக் காட்சியையும் இரண்டாக வரைய வேண்டிய உழைப்பு தனி ஒருவர்க்கு மிச்சமாயிற்று. கிக்கியாமா என்ற புனைபெயரில் மட்டுமே அறியப்படும் படைப்பாளி 2004இல் ஆர்பிஜி மேக்கர் 2003 கொண்டு வெளியிட்ட ‘யூமே நிக்கி’, கனவின் அச்சத்தை எவ்வளவு எளிய கருவிகளால் உண்டாக்கலாம் என்பதற்குச் சான்றாக இன்றும் பேசப்படுகிறது.

மின்னல் கட்டளையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மிக விரைவாக மாறிமாறி மின்ன, 600க்கும் மேற்பட்ட சிறுவர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் திரை மின்னக்கூடாது என்பது பின்னர் வலைத்தளங்களுக்கான அணுகல்தன்மை நெறிகளிலும் இடம்பெற்றது. தொடக்கநிலைக் கருவியில் ‘மின்னு’ என்பது ஒரே கட்டளை. அதை ஒரு மடக்கினுள் இட்டுவிட்டால் வரம்பைத் தாண்டப் பத்து வயதுக் குழந்தைக்கும் எளிது. விளைவை எளிமையாக்கியவர்கள் அதன் அபாயத்தையும் சேர்த்தே எளிமையாக்கினார்கள்.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பேராசிரியராக இருந்த மார்க் ஓவர்மார்ஸ், கணிப்பு வடிவியலில் பரவலாகப் பயன்படும் பாடநூலொன்றின் இணையாசிரியர். அவர் 1999இல் ‘அனிமோ’ என்ற பெயரில் வெளியிட்ட எளிய அசைபடக் கருவியே பின்னாளில் ‘கேம்மேக்கர்’ ஆயிற்று. 2004இல் வந்த 6ஆம் பதிப்பு டைரக்ட்3டிக்கு மாறி, வரைகலை அட்டையின் ஆற்றலைப் பயன்படுத்தத் தொடங்கியது. காட்சி விளைவுகளைப் பொறுத்தவரை இந்தக் கருவியின் அமைப்பே இவ்வரலாற்றில் மிகச் செறிவான பகுதி.

கேம்மேக்கரில் விளைவுகள் இரண்டு அடுக்குகளாக அமைந்தன. மேலடுக்கில் விளைவை உருவாக்கும் எளிய செயற்கூறு. அதற்கு ஐந்து அளபுருக்கள்: விளைவின் வகை, கிடைமட்ட இடம், செங்குத்து இடம், அளவு, நிறம். வகைகள் பன்னிரண்டு: வெடிப்பு, வளையம், நீள்வட்டம், வாணவேடிக்கை, புகை, மேலெழும் புகை, விண்மீன், தீப்பொறி, ஒளிக்கீற்று, மேகம், மழை, பனி. அளவு சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றே. எதிரி இறக்கும் இடத்தில் இந்த ஒரு வரியை எழுதினால் போதும். நிரல் எழுத விரும்பாதவர்க்கு இழுத்து வைக்கும் குறும்படமாகவும் இது கிடைத்தது.

கீழடுக்கில் துகள் அமைப்பு முழுவதும் திறந்து கிடந்தது. இந்நுட்பத்தின் மூலம் லூகாஸ்ஃபிலிம். 1982இல் வெளிவந்த இரண்டாம் ஸ்டார் டிரெக் திரைப்படத்தில் ஒரு கோளைத் தீ சூழும் காட்சிக்காக வில்லியம் ரீவ்ஸ் உருவாக்கிய முறையை அவரே 1983இல் ஆய்வுக் கட்டுரையாக்கினார். நெருப்பு, புகை, புல் போன்று விளிம்பு வரையறுக்க முடியாத பொருள்களைத் திட வடிவங்களாக வரைவதற்கு மாறாக, பிறந்து, வாழ்ந்து, மறையும் எண்ணற்ற துகள்களின் கூட்டமாகக் கருதுவதே அதன் அடிப்படை. ஓவர்மார்ஸின் கருவியில் ஒவ்வொரு துகள் வகைக்கும் வடிவம், அளவு, ஆயுள், வேகம், திசை, ஈர்ப்பு ஆகியவற்றை வரையறுக்கலாம். பிறக்கும்போது, நடுவாழ்வில், மறையும்போது என மூன்று கட்டங்களுக்கு மூன்று நிறங்களும் மூன்று ஒளிபுகும் அளவுகளும் தரலாம். வெண்மஞ்சளில் பிறந்து, செம்மஞ்சளாகி, சாம்பல் நிறத்தில் கரையும் துகளைக் கற்பனை செய்தால் நெருப்பு உருவாவது புரியும்.

இங்கே ஒரு சிறு நுட்பத்தைத் தனியே குறிப்பிடுவது தகும். தொடக்கநிலையாளரின் நெருப்பு ஏன் சேறுபோலக் காட்சியளிக்கிறது என்பதற்கான விடை அதில் உள்ளது. சாதாரண கலப்பு முறையில் ஒரு துகள் மற்றொன்றின் மேல் வரும்போது மேலுள்ளது கீழுள்ளதை மறைக்கிறது. கூட்டல் கலப்பில் இரண்டின் நிற மதிப்புகளும் கூட்டப்படுகின்றன. சிவப்புத் துகளின் மேல் மஞ்சள் துகளும் அதன் மேல் இன்னொன்றும் வர, மதிப்புகள் உச்சத்தை எட்டி, நெருக்கமான நடுப்பகுதி வெண்மையாகவும் சிதறிய விளிம்பு செந்நிறமாகவும் ஒளிர்கின்றன. ஒளி அவ்வாறுதான் சேர்கிறது; மையும் சாயமும் அவ்வாறு சேர்வதில்லை. துகள் வகைக்கு ‘ஆம்’ என்று ஒரே சொல்லால் இதை இயக்கலாம். புதிய படம் எதுவும் தேவையில்லை. கருவிகளின் காட்சித்தரத்தை உயர்த்தியவற்றுள் இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் தந்தது பிறிதொன்றைச் சுட்டுவது கடினம்.

‘வெடிப்பு’ என்ற ஆயத்தச் சொல்லில் தொடங்கிய மாணவர், அதே கருவியில், அதே மொழியில், அதே கோப்பில் நின்றுகொண்டே அச்சொல்லை உறுப்புகளாகப் பிரித்துத் தமக்கான வெடிப்பைச் செய்துகொள்ள முடிந்தது. இதுவே பகுபதம். ஆனால் இதற்கும் ஒரு வாயில்காவலர் இருந்தார். 2007இல் வந்த 7ஆம் பதிப்பு இலவச ‘லைட்’, கட்டண ‘புரோ’ என இரண்டாகப் பிரிந்தபோது துகள் அமைப்பும், உருவங்களைச் சுழற்றுதலும், ஒளிபுகச் செய்தலும், நிறம் கலத்தலும் கட்டணப் பதிப்புக்கே உரியவையாயின. பணம் செலுத்த வழியில்லாத பயனரின் மொழியில் ‘மங்கு’ என்ற வினையே கிடையாது. பன்னாட்டுப் பணப்பரிமாற்ற அட்டை இல்லாத நாட்டுச் சிறுவர்க்குத் தொகை சிறிதா பெரிதா என்ற கேள்விக்கே இடமில்லை. எவை அடிப்படைச் சொற்கள், எவை ஆடம்பரச் சொற்கள் என்று தீர்மானித்தது இலக்கணம் அன்று, விலைப்பட்டியல்.

அதே 2007இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ யாருக்கும் இலவசம். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் இறுதி அலகிலும் அது அறிமுகமாகிறது என்பதால் இங்குள்ள மாணவர் பலருக்கும் பழகிய கருவி. அதில் உருவங்களுக்கான வரைகலை விளைவுகள் ஏழு: நிறம், மீன்கண், சுழல், புள்ளியாக்கம், பல்வண்ணக்கட்டம், வெளிச்சம், பேய். கடைசிப் பெயர் சிந்திக்கத்தக்கது. ‘ஒளிபுகும் அளவு’ என்ற கலைச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் குழந்தைக்குத் தெரிந்த ஒரு உயிரியை நிறுத்தியிருக்கிறார்கள். பேய்த்தன்மை 100 ஆனால் உருவம் முற்றிலும் மறையும். கருத்தைப் பெயராக மாற்றாமல் பெயரிலிருந்து கருத்தை உய்த்துணரவைக்கும் இந்த உத்தி, கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று.

ஸ்கிராட்ச் இரண்டு முறை அடியோடு மாறியது. முதலில் ஸ்குவீக் என்னும் ஸ்மால்டாக் சூழல், 2013இல் ஃபிளாஷ், 2019இல் வெப்ஜிஎல். ஒவ்வொரு முறையும் ஏழு விளைவுகளின் பின்னுள்ள கணக்கு புதிதாக எழுதப்பட்டது. பெயர்கள் ஏழும் நிலைத்தன. 2007இல் ஒரு சிறுமி செய்த பேய் இன்றைய கருவியிலும் பேயாகவே மங்குகிறது. இந்தத் தொடர்ச்சி பெருமைக்குரியது. ஆயினும் அவை ஏழும் பகாப்பதங்கள். ‘சுழல்’ எப்படிச் சுழற்றுகிறது என்று கேட்கும் குழந்தைக்கு அக்கட்டத்தைத் திறந்து பார்க்க வழியில்லை. எட்டாவது விளைவை அவள் ஆக்கவும் முடியாது. தாமே ஒரு கட்டளைக் கட்டத்தை உருவாக்கிக்கொள்ள இடம் தந்த கருவி, விளைவுகளில் மட்டும் அந்தக் கதவை மூடியே வைத்திருக்கிறது. தளம் தாழ்வாகவும் கூரை உயரமாகவும் சுவர்கள் அகலமாகவும் இருக்க வேண்டும் என்பது ரெஸ்னிக் தம் குழுவின் கொள்கையாகக் கூறிவருவது. இந்த ஓர் அறையில் மட்டும் கூரை தலையில் இடிக்கிறது.

அந்தக் கதவைத் திறப்பது ஏன் எளிதன்று என்பதை அறிய ஷேடர் என்னும் நிரல்வகையின் இயல்பை அறிய வேண்டும். 1280×720 திரையில் 9,21,600 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 முறை வரைந்தால் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்ட தடவை ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீர்மானிக்கப்பட வேண்டும். வரைகலை அட்டை இதனை ஒரே சிறு நிரலை எல்லாப் புள்ளிகளுக்கும் ஒருங்கே ஓட்டிச் செய்கிறது. ஸ்கிராட்சில் ‘சுழல் விளைவை 25 கூட்டு’ என்பது ஏவல் வினை. உருவத்தை நோக்கி இடப்படும் ஆணை. ஷேடரில் ஏவலுக்கு இடமில்லை. ‘இந்த இடத்தில் இருக்கும் நான் எந்த இடத்தின் நிறத்தை எடுத்துக்கொள்வது?’ என்று ஒவ்வொரு புள்ளியும் கேட்கிறது. படத்தைச் சுழற்ற வேண்டுமானால், மையத்தில் மிகுந்தும் விளிம்பில் குறைந்தும் ஒரு கோணம் பின்னோக்கித் திரும்பிப் பார்க்குமாறு புள்ளிக்குச் சொல்ல வேண்டும். பக்கத்துப் புள்ளி என்ன முடிவெடுத்தது என்பது அதற்குத் தெரியாது. முந்தைய கணம் என்ன நடந்தது என்பதும் தெரியாது. ஏவல் வினையில் பழகியவர்க்கு இது வேறு வாக்கிய அமைப்பு, ஏறக்குறைய வேறு மொழிக்குடும்பம்.

2013இல் கேம்மேக்கர்: ஸ்டூடியோவில் ஷேடர் வசதி வந்தபோது நேர்ந்தது இதுதான். கருவியின் ஆற்றல் பலமடங்கு பெருகியது. அலையும் நீர், வெப்பத்தில் நடுங்கும் காற்று, பழைய தொலைக்காட்சியின் வளைந்த திரை எல்லாம் கைக்கெட்டின. ஆனால் அதை எழுத வேண்டியது கேம்மேக்கரின் மொழியில் அன்று, ஜிஎல்எஸ்எல் இஎஸ் என்ற வேறொரு மொழியில். ஓவர்மார்ஸின் இரண்டு அடுக்குகளுக்கிடையே படிக்கட்டு இருந்தது. புதிய அடுக்குக்குக் கயிறுதான் இருந்தது. பெரும்பாலோர் பிறர் எழுதிய ஷேடரை நகலெடுத்து ஒட்டினர். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்யப்பட்ட செய்யுளைப் போல அது ஓடியது. ஓரெழுத்து மாறினால் நின்றது.

இதற்கிடையே வேறொரு திசையிலிருந்தும் மாற்றம் வந்தது. 2012இல் மார்ட்டின் யோனாசனும் பெட்ரி புர்ஹோவும் நிகழ்த்திய ஓர் உரையில், பந்தால் செங்கல் உடைக்கும் எளிய விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, விதிகளில் ஒன்றையும் மாற்றாமல், அசைவும் துகளும் ஒலியும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் காட்டினர். இந்த மிகையை அவர்கள் குறித்த சொல் ‘ஜூஸ்’, அதாவது சாறு. அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் விளாம்பீர் குழுவைச் சேர்ந்த யான் வில்லெம் நெய்மன் திரைநடுக்கத்தைப் பற்றி உரையாற்றினார். குண்டின் அளவைப் பெரிதாக்குதல், அடிபட்ட கணத்தில் விளையாட்டை ஒரு நொடிக்கூறு உறையவைத்தல், சுடும் திசைக்கு எதிராகத் திரையைச் சற்று உதைத்தல் என அவர் காட்டியவற்றுள் பல, கேம்மேக்கர் போன்ற கருவியில் ஓரிரு வரிகளில் எழுதக்கூடியவை. விளாம்பீரின் விளையாட்டுகள் சில கேம்மேக்கரில் உருவானவை என்பது தற்செயலன்று. காட்சித்தரம் வரைகலை அட்டையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது என்று அவ்வுரைகள் ஒரு தலைமுறைக்குக் கற்பித்தன. ‘சாறு’ என்ற சொல் கிடைத்த பிறகே பலரும் அதன் குறையைத் தம் விளையாட்டுகளில் காணத் தொடங்கினர். சாறு மிகுந்து திரை ஓயாமல் நடுங்கிய விளையாட்டுகளும் பின்னர் ஏராளமாக வந்தன. நடுக்கத்தைக் குறைக்கும் தெரிவை அமைப்புகளில் வைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

ஷேடரின் கயிற்றைப் படிக்கட்டாக்கும் முயற்சிகளைச் சுருக்கமாகவே கூறலாம். 2011இல் வந்த கன்ஸ்ட்ரக்ட் 2, ஷேடர்களைப் பெயரிட்ட விளைவுகளாகப் பொதிந்து, ஒரு பொருளின்மீதோ ஓர் அடுக்கின்மீதோ காட்சி முழுவதன்மீதோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வசதியைத் தந்தது. மங்கலாக்கிய பின் நிறம் மாற்றுவதும் நிறம் மாற்றிய பின் மங்கலாக்குவதும் சிலவேளை ஒன்றல்ல என்று பயனர் அறிந்தபோது ஒரு தொடரியல் பிறந்தது எனலாம். கேம்மேக்கரும் பிற்பாடு நிரலின்றி அடுக்குகளில் இடக்கூடிய விளைவுகளைக் கொண்டுவந்தது. ஆர்பிஜி மேக்கர் 2020இல் வந்த எம்இசட் பதிப்பில் எஃபெக்சீர் என்ற திறமூலத் துகள் கருவியை இணைத்துக்கொண்டது. திறமூலக் கருவியான கொடோ, 2019இல் வந்த 3.1ஆம் பதிப்பில், ஷேடரின் உறுப்புகளைக் கட்டங்களாக வைத்துக் கம்பிகளால் இணைக்கும் தொகுப்பியை அளித்தது. இம்முயற்சிகளுள் கொடோவினுடையதே பகுபதத்தின் இயல்புக்கு மிக அருகில் வருகிறது. கம்பியை மாற்றினால் பொருள் மாறுவது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. எனினும் புள்ளியின் பார்வையில் சிந்திக்கும் பழக்கத்தை எந்தக் கம்பியும் தானே கற்பித்துவிடுவதில்லை.

இவை அனைத்துக்கும் எதிர்த்திசையில் சென்ற கருவி ஒன்று உண்டு. ஜோசப் வைட் உருவாக்கி 2015இல் விற்பனைக்கு வந்த ‘பிக்கோ-8’, 128×128 புள்ளிகளும் 16 நிறங்களும் மட்டும் கொண்ட, வன்பொருளாக என்றுமே இருந்திராத ஒரு கற்பனைக் கணினி. ஒளிபுகும் அளவு என்ற கருத்தே அதில் கிடையாது, ஷேடரும் கிடையாது. இருப்பது, ஒரு நிறத்துக்குப் பதில் இன்னொரு நிறத்தை இடும் ‘பால்’ என்ற செயற்கூறு. அடிபட்ட எதிரியை ஒரு கணம் வெண்மையாக்குவதும், ஒரே படத்தைக் கொண்டு மூன்று நிற எதிரிகளைச் செய்வதும் அதனால்தான். வரைந்து முடிந்த திரை முழுவதன் நிறங்களையும் மாற்றும் இரண்டாவது பயன்பாடும் அதற்கு உண்டு. ஆமோஸின் நிறப் பதிவேடு கால் நூற்றாண்டுக்குப் பின் இப்படித் திரும்பிவந்தது.

ஆனால் ‘ஃபேட்’ திரும்பிவரவில்லை. திரையை இருளச் செய்ய விரும்பும் பயனர், பதினாறு நிறங்களில் எது எதன் இருண்ட வடிவம் என்ற அட்டவணையைத் தாமே எழுத வேண்டும். மஞ்சள் செம்மஞ்சளாகவும், செம்மஞ்சள் பழுப்பாகவும் இறங்கலாம். நீலத்துக்கு அடர்நீலம் இருக்கிறது. சிவப்புக்கு அடர்சிவப்பு அந்தத் தட்டில் இல்லை. அடர்ஊதாவுக்குப் போவதா, பழுப்புக்குப் போவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். ஊதாவுக்குப் போனால் அந்தி குளிர்ந்து இருள்கிறது. பழுப்புக்குப் போனால் தணல் அவிவதுபோல் இருள்கிறது.